சோழவரம் ஓடுதளமும் வால்வு ஸ்பிரிங்கும்

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள சோழவரம், நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியால் அறியப்படும் ஊர். 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை அந்த ஊருக்கு இன்னொரு பெயரும் இருந்தது. போர்க்காலத்தில் போடப்பட்டுக் கைவிடப்பட்ட அதன் விமான ஓடுதளத்தில்தான் தென்னிந்தியாவின் மோட்டார் பந்தயம் வளர்ந்தது. தெருவில் ஓடுவதற்காகச் செய்த காரை ஓடுதளத்தில் விரட்டும்போது எஞ்சினில் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் பிஸ்டனோ கார்புரேட்டரோ அல்ல, ஒரு சாண் நீளம்கூட இல்லாத வால்வு ஸ்பிரிங். அந்தக் கம்பிச் சுருளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி சோழவரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது. கடைக்குப் போய் வாங்கித் தீர்க்க முடியாத கேள்வியாக அது இருந்ததால்தான் அதற்கு ஒரு வரலாறும் உண்டு.

ஓடுதளத்தின் கதை வங்கக் கடலின் மறுபக்கத்தில் தொடங்குகிறது. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கி அந்தமானைக் கைப்பற்றியது. இரண்டு வாரத்துக்குள், ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது மதராஸ்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். நகரத்தைக் காலி செய்யும்படி அரசு அறிவுறுத்தியது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அஞ்சிய படையெடுப்பு வரவில்லை. ஆனால் போர்க்காலத்தில் தமிழகம் எங்கும் நேச நாட்டுப் படைகளுக்காக விமான ஓடுதளங்கள் எழுந்தன. உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று நீளும் அந்தப் பட்டியலில் சோழவரமும் ஒன்று.

அதே ஆண்டுகளில் அந்தமானில் ஜப்பானியர்களும் ஓடுதளம் போட்டார்கள், தீவு மக்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கி. 1943 டிசம்பர் இறுதியில் சுபாஷ் சந்திர போஸ் வந்து இறங்கியது போர்ட் பிளேரில்தான். கடலின் இரு கரைகளிலும் இரண்டு எதிரிப் படைகள் போட்ட ஓடுதளங்களுக்குப் பின்னால் நேர்ந்தது வெவ்வேறு. போர்ட் பிளேரின் லம்பா லைன் ஓடுதளம் விடுதலைக்குப் பிறகும் ஓய்வு பெறவில்லை. தீவுகளுக்கு வான்வழியில் முதன்மையான வாசல் அதுவே என்பதால் பயணிகள் விமான நிலையமாகவும், 1985இலிருந்து ஐ.என்.எஸ். உத்குரோஷ் என்ற கடற்படை விமான தளமாகவும் அது வேலையில் இருந்துகொண்டே இருந்தது. அங்கே காரை விரட்ட யாருக்கும் இடம் கிடைக்காது. சோழவரத்துக்கோ போர் முடிந்ததும் வேலையே இல்லாமல் போயிற்று. நீண்ட, நேரான, அகலமான, யாருக்கும் வேண்டாத தளம் அது. பந்தயக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இது சோழவரத்துக்கு மட்டும் வாய்த்ததல்ல. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் போர்க்கால விமான தளம். 1948இல் அங்கே முதல் கிராண்ட் பிரி நடந்தது. ஸ்னெட்டர்டன், திரக்ஸ்டன், குட்வுட் ஆகியவையும் அதே வழியில் வந்தவை. அமெரிக்காவில், வறண்ட ஏரிப் படுகைகளில் கார்களை விரட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள் 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா விமான நிலையத்தின் ஓடுதளத்துக்கு வந்தார்கள். கால் மைல் தூரத்தை யார் முதலில் கடப்பது என்ற அந்தப் போட்டிக்கான பாதையை அவர்கள் ‘ஸ்டிரிப்’ என்றே அழைத்தார்கள். வாரநாளில் தெரு, வார இறுதியில் ஸ்டிரிப் என்று ஒரே காரை இரண்டுக்கும் பழக்கும் கலை அங்கே தனித் தொழிலாகவே வளர்ந்தது. இந்தியாவில் பம்பாயின் ஜுஹுவிலும் கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரிலும் விமானத் தளங்களில் கார்கள் ஓடின. மதராஸில் 1953இல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. அந்த கிளப்பின் களம் சோழவரம்.

ஓடுதளங்கள் ‘டி’ வடிவில் சந்தித்தன. அவற்றின் மேல் வகுத்த பாதையில் வளைவுகள் குறைவு, கூர்மையானவை, நேர்ப்பகுதிகள் நீளமானவை. மலைப்பாதையில் எஞ்சினுக்கு அடிக்கடி மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஓடுதளத்தில் கிடைக்காது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, ஒவ்வொரு கியரிலும் எஞ்சின் கத்தும் எல்லைவரை கொண்டுபோய், அடுத்த கியரைப் போட்டு மறுபடி கத்தவிட வேண்டும். கிராமத்துத் தார்ச்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பத்து வருடம் சிரமமில்லாமல் ஓடக்கூடிய எஞ்சின், இங்கே இரண்டாவது சுற்றிலேயே தன் பலவீனத்தைக் காட்டிவிடும்.

அப்படிக் காட்டிய எஞ்சின்கள் எவை என்பது இந்தியாவின் கார் சந்தையை அறிந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். இருந்தவையே மூன்று. உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த ஃபியட் 1100, மதராஸை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961இலிருந்து வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றும் புஷ்ராட் எஞ்சின்கள். கேம்ஷாஃப்ட் கீழே சிலிண்டர் பிளாக்கில் சுழலும். அதன் மூக்கு டேப்பட்டைத் தள்ள, டேப்பட் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராட் ராக்கரைச் சாய்க்க, ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். திறப்பதற்கு இத்தனை பேர் இருக்க, மூடுவதற்கு ஸ்பிரிங் ஒன்றுதான். அது வால்வை மட்டும் இழுக்கவில்லை. ராக்கர், புஷ்ராட், டேப்பட் என்ற மொத்த ஊர்வலத்தையும் கேமின் மேடு பள்ளத்தோடு ஒட்டவைத்தபடி திரும்பக் கொண்டுவர வேண்டும்.

மூன்று எஞ்சின்களுக்கும் வெளிநாட்டில் வீரியமான உறவினர்கள் இருந்தார்கள் என்பது சோழவரத்து டியூனர்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினும் பிரிட்டனின் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் 1489 சி.சி. எஞ்சினும் ஒரே பி.எம்.சி. ‘பி’ குடும்பம். ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சின், பின்னாளில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காருக்குச் சென்ற குடும்பத்தின் மூத்த பிள்ளை. ஃபியட் 1100 எஞ்சினை இத்தாலியர்கள் எவ்வளவு தூரம் விரட்டினார்கள் என்பதற்கு, 1950களின் இறுதியில் ஃபார்முலா ஜூனியர் பந்தயத்தில் ஓடிய ஸ்டாங்குவெல்லினி கார்களே சாட்சி. ஆக, அந்த இரும்பில் என்ன சாத்தியம் என்பது எழுத்தில் இருந்தது. ஒரே எஞ்சின் குடும்பம் அம்பாசிடரில் ஏறத்தாழ 50 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 4200 சுற்றில் தந்தது, எம்.ஜி.ஏ.வில் 70 குதிரைத்திறனை ஒட்டி, 5500 சுற்றில். கூடுதல் கார்புரேட்டரும் வேறு கேமும் பாதிக் காரணம். மீதிப் பாதி, 5500 சுற்றிலும் வால்வு ஒழுங்காக மூடியது என்பது.

வால்வு மூடாமல் போவதற்குப் பந்தய உலகம் வைத்த பெயர் ‘ஃப்ளோட்’. தமிழில் மிதத்தல் எனலாம். ஆனால் நடப்பது மிதப்பதைவிட வன்முறையானது. எஞ்சின் 6000 சுற்றில் ஓடும்போது கேம்ஷாஃப்ட் அதில் பாதி, 3000 சுற்று. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. ஒரு திறப்பும் மூடலும் சேர்ந்து ஏறத்தாழ 7 மில்லி விநாடி. கேமின் மூக்கு உச்சியைத் தாண்டும் கணத்தில், மேல்நோக்கி எறியப்பட்ட பந்தைப்போல டேப்பட் தன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கப் பார்க்கும். அதைத் தடுத்துத் திருப்ப ஸ்பிரிங்குக்கு வலு போதாவிட்டால் டேப்பட் கேமை விட்டு எழும்பும், பிறகு சுத்தியல் அடிபோல விழும். வால்வு தன் இருக்கையில் மோதித் துள்ளும். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் சந்திக்கும். அத்தோடு அன்றைய பந்தயமும் முடிந்துவிடும். அவ்வளவு தூரம் போகாத நாட்களில் எஞ்சின் ஒரு சுற்று எல்லைக்கு மேல் போக மறுக்கும், இருமும், வேகம் அப்படியே நிற்கும். கார்புரேட்டர்மேல் பழிபோட்டு ஜெட் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

இந்தக் கணக்கில் இரக்கமற்ற ஓர் இடம் இருக்கிறது. டேப்பட்டைத் திருப்பத் தேவையான விசை, சுற்றின் இருமடிக்கேற்ப ஏறுகிறது. அம்பாசிடரின் 4200 சுற்றிலிருந்து எம்.ஜி.ஏ.வின் 5500 சுற்றுக்குப் போனால், சுற்று ஏறியது சுமார் 30 சதவீதம்தான். தேவைப்படும் விசையோ கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. எதிர்த் திசையில் பார்த்தாலும் இதே கணக்குதான். அந்தமானின் மீனவர்கள் கடலுக்குக் கொண்டுபோகும் டோங்கிப் படகின் டீசல் எஞ்சின் 1500 சுற்றில் நிதானமாகத் துடித்தால், அதன் வால்வு நொடிக்குப் பன்னிரண்டரை முறைதான் திறக்கும். அதே அளவு எடையும் திறப்பும் என்று வைத்துக்கொண்டால், 6000 சுற்றுக்கு வேண்டிய விசையில் பதினாறில் ஒரு பங்கு அதற்குப் போதும். அங்கே ஸ்பிரிங்கைப் பற்றி யாரும் தூக்கம் கெடுவதில்லை. உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் எண்ணெய் படிந்திருக்கிறதா என்பதே கவலை.

ஸ்பிரிங்கின் வரலாறே இந்த இருமடிக் கணக்கோடு மனிதர்கள் போட்ட சண்டைதான். ஆரம்பகாலக் கார்களில் உள்ளிழுக்கும் வால்வுக்குக் கேமே கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலிலேயே வால்வு திறக்கும், மெல்லிய ஒரு ஸ்பிரிங் அதை மூடும். சில நூறு சுற்றுகளுக்கு அது சரிப்பட்டது. சுற்று ஏற ஏறக் கம்பி தடித்தது. தடித்த கம்பி உடைந்தது. 1930களில் அமெரிக்கக் கார் ஆலைகள் சிறு எஃகு மணிகளை ஸ்பிரிங்கின் மேல் வேகமாக அடித்து அதன் மேற்பரப்பை இறுக்கும் முறையைக் கையாளத் தொடங்கின. கம்பியின் மேல்தோலில் இருக்கும் மிகச் சிறிய கீறலிலிருந்துதான் முறிவு தொடங்கும் என்பதால், அந்தத் தோலை அழுத்தத்தில் வைப்பது ஆயுளைப் பல மடங்கு கூட்டியது. நார்ட்டன் போன்ற பந்தய மோட்டார் சைக்கிள்கள் சுருளைக் கைவிட்டுக் கொண்டை ஊசி வடிவ ஸ்பிரிங்குகளை வைத்தன. 1954இல் மெர்சிடிஸ் தன் டபிள்யூ 196 பந்தயக் காரில் மூடும் வேலையையும் கேமுக்கே கொடுத்தது. 1956இல் டுகாட்டியின் ஃபாபியோ டாக்லியோனி அதையே மோட்டார் சைக்கிளில் செய்தார்.

சோழவரத்துக்கு இவை எதுவும் எட்டவில்லை. இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். உரிமம் பந்தயக்காரனுக்குக் கிடைக்காது. ஒரு காருக்கு ஒரு ஸ்பிரிங், ஆலை வைத்ததுதான் ஸ்பிரிங் என்பதே நாட்டின் நிலை. விசித்திரம் என்னவென்றால் எஞ்சின் உதிரிபாகத்தில் மதராஸ் அப்போதே பெரிய ஊர். செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலிருந்து இயங்கியது. ரானே குழுமம் 1959இல் எஞ்சின் வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. எண்ணூரில் லாரிகளும் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட்டும் தயாராயின. நல்ல பிஸ்டனும் நல்ல வால்வும் ஊரிலேயே கிடைத்தன. ஆனால் அவை எல்லாம் தெருவுக்கான அளவுகள். வருடத்துக்குச் சில நாள் ஓடும் பந்தயத்துக்காக ஓர் ஆலை தனிக் கம்பியைச் சுற்றாது. எனவே தேர்வு என்பது வாங்குவதில் இல்லை, அளப்பதில் இருந்தது.

அளப்பதற்கான சரக்கு புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கிடைத்தது. புதுப்பேட்டை, பிரித்துப்போட்ட வண்டிகளின் சந்தை. எண்ணெயும் துருவும் கலந்த மணத்தோடு, எந்த எஞ்சினிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாத ஸ்பிரிங்குகள் குவியலாகக் கிடக்கும் இடம். அந்தக் குவியலிலிருந்து எட்டு நல்லவற்றைப் பொறுக்குவது தனி வித்தை. முதலில் மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வரிசையாக நிறுத்தி, அவற்றின் தலைமேல் ஓர் இரும்பு அடிக்கோலை வைத்தால், களைத்துக் குட்டையானவை கோலைத் தொடாமல் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் சாய்ந்தவை தெரியும். சாய்ந்த ஸ்பிரிங் வால்வைப் பக்கவாட்டில் தள்ளி, வால்வு சறுக்கி ஓடும் கைடைத் தின்னும். பிறகு ஒவ்வொரு சுற்றையும் விரல் நகத்தால் தடவ வேண்டும். நகம் எங்காவது மாட்டினால் அது துருக்குழி. முறிவு அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது வலு. ஸ்பிரிங் சோதிக்கும் கருவி இல்லாத பட்டறையில் டிரில்லிங் மெஷினே கருவி. அதன் மேசையில் ஒரு தராசை வைத்து, தராசின்மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, மெஷினின் கைப்பிடியால் மெல்ல அமுக்கி, அடிக்கோலில் உயரத்தையும் தராசில் கிலோவையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். மூன்று எண்கள் வேண்டும்: வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் நிற்கும் உயரத்தில் எத்தனை கிலோ, வால்வு முழுதும் திறந்த உயரத்தில் எத்தனை கிலோ, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி மேலும் அமுங்க மறுக்கும் உயரம் எவ்வளவு. இந்த மூன்றும் தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்.

ஓர் உதாரணக் கணக்கு இதைத் தெளிவாக்கும். மூடிய நிலையில் 25 கிலோ அழுத்தும் ஸ்பிரிங், ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கத்துக்கும் 3 கிலோ கூடுகிறது என்று கொள்வோம். வால்வு 9 மி.மீ. திறந்தால் முழுத் திறப்பில் 52 கிலோ. இந்த எஞ்சின் 5500 சுற்றில் மிதக்கத் தொடங்குகிறது. மிகச் சுலபமான மருந்து ஷிம்: ஸ்பிரிங்கின் அடியில் 1.5 மி.மீ. தகடு ஒன்றை வைத்தால், இரு நிலையிலும் நாலரை கிலோ கூடும். 52 கிலோ 56.5 ஆகும். விசை ஒன்பது சதவீதம் ஏறினாலும் இருமடிக் கணக்கின்படி கிடைப்பது சுமார் 230 சுற்றுதான். ஷிம் வைத்துவிட்டு 1000 சுற்று எதிர்பார்த்தவர் ஏமாறுவது இங்கேதான். அதற்குப் பதிலாக மி.மீ.க்கு 4 கிலோ ஏறும் ஸ்பிரிங் கிடைத்தால் முழுத் திறப்பில் 61 கிலோ. மூடிய நிலையில் அதே 25. கிடைப்பது கிட்டத்தட்ட 450 சுற்று. கம்பியின் தடிமன் சற்றே கூடினாலும் இந்த ஏற்றம் பெரிதாகிறது: 4 மி.மீ. கம்பிக்குப் பதில் 4.2 மி.மீ. என்றால் விறைப்பு சுமார் 22 சதவீதம் கூடும், ஏனென்றால் அது தடிமனின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். குவியலில் பொறுக்குகிறவன் கையில் காலிப்பர் இருக்க வேண்டிய காரணம் இது.

ஷிம்முக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 4 மி.மீ. கம்பியில் மொத்தம் ஆறு சுற்று இருந்தால், எல்லாம் ஒட்டியபின் உயரம் 24 மி.மீ. முழுத் திறப்பில் ஸ்பிரிங்கின் உயரம் இதைவிடக் குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். உயரத் திறக்கும் கேமைப் போட்டு, தகட்டையும் அடியில் வைத்தால் இந்த இடைவெளி கரைந்துவிடும். சுற்றுகள் ஒட்டிவிட்டால் ஸ்பிரிங் ஓர் இரும்புக் குழாய். கேம் தொடர்ந்து தள்ளும்; புஷ்ராட் வளையும், அல்லது ராக்கர் உடையும். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் மேல் கப் வால்வு கைடின் தலையில் இடிப்பதும் இதே வகை விபத்து. ஒரு சுற்றை வெட்டிவிட்டால் ஸ்பிரிங் விறைக்கும் என்று வெட்டிப் பார்ப்பவர்களும் இருந்தார்கள். விறைக்கும், உண்மைதான், தட்டையாகத் தேய்த்த அடிப்பாகம் போய், சாய்ந்து நிற்கவும் செய்யும். அதைவிட மோசமான வைத்தியம் இல்லை.

இரண்டு ஸ்பிரிங்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைப்பது நல்ல வைத்தியம். ஒன்றை இடப்புறமாகவும் மற்றதை வலப்புறமாகவும் சுற்றியிருப்பார்கள், சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க. இதில் வலுவைத் தவிர இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும், வீணைத் தந்திபோலத் தனக்கென ஓர் அதிர்வு உண்டு. கேமின் தட்டல் அந்த அதிர்வோடு ஒத்துப்போனால் சுற்றுகளின் நடுவே அலை ஓடும். அந்தக் கணத்தில் தராசு சொன்ன கிலோ எஞ்சினில் இருக்காது. இரண்டு ஸ்பிரிங்குகளின் அதிர்வு வெவ்வேறாக இருப்பதால் ஒன்று ஆடும்போது மற்றது அடக்கும். ஒன்று உடைந்தாலும் வால்வு சிலிண்டருக்குள் விழாது.

இவ்வளவும் ஓடுதளத்துப் பக்கம். தெருப் பக்கம் பார்த்தால் அறிவுரை தலைகீழாகும். சோழவரத்தின் ஆரம்ப ஆண்டுகளில் ஓடிய வண்டிகளில் பல, மறுநாள் வேலைக்கும் போக வேண்டிய வண்டிகள். கடினமான ஸ்பிரிங் ஒவ்வொரு சுற்றிலும், போக்குவரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதும், கேமின் மூக்கை அதே விசையோடு தேய்க்கும். அந்தக் காலத்து எஞ்சின்களில் டேப்பட் என்பது உருளை இல்லாத தட்டை அடி. எண்ணெய்ப் படலம் ஒன்றே இடையில். மெதுவாக ஓடும்போதுதான் அந்தப் படலம் மெல்லிசாக இருக்கும் என்பதால், கேம் ஓடுதளத்தில் சாவதைவிடத் தெருவில் தேய்ந்து சாவது அதிகம். புதுக் கேமைப் போட்டவுடன் முதல் இருபது நிமிடம் உள் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, வெளி ஸ்பிரிங்கோடு மட்டும் 2000 சுற்றுப் பக்கம் ஓடவிட்டு, கேமும் டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகியபின் உள் ஸ்பிரிங்கைப் போடும் வழக்கம் இதனால் வந்தது. அரை நாள் வேலை. ஒரு கேம்ஷாஃப்டை மிச்சப்படுத்தும்.

தெருவுக்கும் ஓடுதளத்துக்கும் பொதுவான தீர்வு ஒன்றுதான், அதற்குக் காசும் குறைவு: எடையைக் குறைப்பது. மேலே சொன்ன ஷிம் தந்த 230 சுற்றை, அசையும் பாகங்களின் எடையில் எட்டு சதவீதம் குறைத்தும் பெறலாம். கேமின் மேல் ஒரு கிலோகூடக் கூடாது. ராக்கரின் வால்வுப் பக்கத்து மூக்கை அரத்தால் ராவி மெருகேற்றுவது, ஸ்பிரிங்கின் மேல் கப்பை லேத்தில் போட்டு மெலிதாக்குவது, இதற்கெல்லாம் இறக்குமதி உரிமம் வேண்டாம். வால்வுப் பக்கத்தில் குறைத்த கிராமுக்கு டேப்பட் பக்கத்தில் குறைத்த கிராமைவிட மதிப்பு அதிகம், ராக்கர் நெம்புகோல்போல வேலை செய்வதால். ஸ்பிரிங் கிடைக்காத நாட்டில் அரமே நல்ல ஸ்பிரிங்.

மோட்டார் சைக்கிள்காரர்கள் வேறு வழியில் தப்பித்தார்கள். ஜாவா, எஸ்டி, ராஜ்தூத், பிறகு 1983இல் வந்த ஆர்.டி. 350, 1985இன் ஆர்.எக்ஸ். 100 என்று பந்தயத்தில் ஓடியவற்றில் பெரும்பகுதி டூ ஸ்டிரோக். அதில் கேம் திறந்து ஸ்பிரிங் மூடும் வால்வே கிடையாது; சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கும். மிதப்பதற்கு ஒன்றும் இல்லை. துளையை அரத்தால் உயர்த்தி, சைலன்சரின் வடிவத்தை மாற்றினால் போதும். 1982இல் தன் பந்தயப் பிரிவைத் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் மொபெட்டிலிருந்தே ஆரம்பித்ததும் இதே உலகத்தில்தான். திருவொற்றியூர் புல்லட்டோ நீண்ட புஷ்ராடுகளையும் கனத்த வால்வுகளையும் சுமந்த வண்டி. அதன் அழகு குறைந்த சுற்றில் இழுக்கும் இழுப்பில் இருந்தது. அதை அதிகச் சுற்றுக்குத் தள்ளுவது யானையை ஓட்டப்பந்தயத்துக்குப் பழக்குவதைப் போன்றது.

பணமுள்ளவர்களுக்குச் சோழவரத்தில் தனி வகுப்பு இருந்தது. கோண்டல் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்களும், 1980களில் விஜய் மல்லையாவும் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். கூட்டம் அவற்றைப் பார்க்க வந்தது. ஆனால் இந்த ஊரின் எஞ்சின் அறிவுக்கு அவை சேர்த்தது குறைவு என்றே சொல்ல வேண்டும். சேர்த்தவர்கள் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் பூட்டியவர்கள்தாம்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 அந்த அறிவையும் ஒரே வீச்சில் பழசாக்கியது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கேம்ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டின் மேலேயே. டேப்பட்டும் புஷ்ராடும் போயின. ஸ்பிரிங் சுமக்க வேண்டிய ஊர்வலம் பாதியாகச் சுருங்கிற்று. முந்தைய எஞ்சின்களில் பொறுக்கியும் ராவியும் பெற்ற சுற்றுகளை ஆலையிலிருந்து வந்த சிறிய ஸ்பிரிங்கே தந்துவிட்டது. கோவையின் ஆலைத்தொழில் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். மாருதி 800 எஞ்சினைப் பின்னால் பூட்டிய, ஒற்றை இருக்கை கொண்ட ஃபார்முலா மாருதியை 1980களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கினார். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் திறமை ஓட்டுபவனின் காலுக்கும் கைக்கும் போயிற்று, செலவு குறைந்தது. கரிவரதன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் அவர் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே பிறகு எழுந்தது. அதுவும் முதலில் சிறு விமானங்களுக்கான ஓடுதளம்தான்.

பார்வையாளர் ஓடுபாதையின் விளிம்புவரை வந்து நின்ற சோழவரத்தில் வேகம் கூடக் கூட ஆபத்தும் கூடியது. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென நிரந்தரப் பாதை ஒன்றைப் போட்டு, 1990இல் அங்கே குடிபெயர்ந்தது. அதன் நீளம் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்த எஞ்சின்கள் வந்தன. ஒரு பெரிய வால்வின் வேலையை இரண்டு சிறியவை பகிர்ந்துகொண்டதால் ஒவ்வொன்றின் எடையும் குறைந்து, மென்மையான ஸ்பிரிங்கே பெரிய சுற்றுகளுக்குப் போதுமானதாகிவிட்டது. தேன்கூடுபோல மேலே குறுகும் ஸ்பிரிங், டைட்டானியம் கப் என்று பட்டியலைப் பார்த்து வரவழைக்கும் காலமும் வந்தது. அப்படி வாங்குகிறவர்களும் பொருத்துவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை அந்தப் பழைய மூன்று எண்கள்தாம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதியோடு தொடங்கியவர்களில் ஒருவர் கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005இல் அவர் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய கார், டொயோட்டாவின் 3 லிட்டர் வி10 எஞ்சினைக் கொண்டது. 1986இல் ரெனோ புகுத்திய முறைப்படி அதன் வால்வுகளை மூடியது அழுத்தத்தில் அடைத்த வாயு. அந்த எஞ்சினில் வால்வு ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லை.